மதுவந்தியின் வீச்சு

நேயாவுக்கு நரம்புச்சட்டை சற்றுப் பெரிதாக இருந்தது. தோளில் தொங்கிய பகுதியை இழுத்துப் பிடித்து, முதுகுப்பக்கக் கொக்கியை மதுவந்தி மாட்டிவிட்டாள்.

"குறுகுறுன்னு இருக்கும் கண்ணு. சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ. எந்திரிச்சு ஓடக் கூடாது, அவ்வளவுதான்."

"வலிக்குமா மிஸ்?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். கடிக்காத எறும்பு."

ஒன்பது வயது நேயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சட்டை விழித்துக்கொண்டதும் அவளுடைய இடது முன்கையில் மெல்லிய துடிப்பு ஓடியது. பிறகு தோளில், விலாவில், இடுப்பில். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குழந்தை சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். தோலுக்கு அடியில், மதுவந்தி கோல்ஃப் மட்டையை வீசிக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்ப, ஒரே மாதிரி.

அதற்கு அசைவுப்படி என்று பெயர். ஒரு வேலையில் கை தேர்ந்தவர் வாசிப்புச்சட்டை ஒன்றை அணிந்துகொண்டு சில மாதம் அந்த வேலையைச் செய்வார். எந்தத் தசைக்கு எந்தக் கணத்தில் எவ்வளவு கட்டளை போகிறது என்பதை இயந்திரம் படியெடுத்துக்கொள்ளும். அந்தப் படியை இன்னொருவர் உடம்பில் சிறு துடிப்புகளாக ஏற்றினால், சில வாரங்களில் அந்த உடம்பு தானே வருஷக்கணக்கில் பழகியதாக நம்பத் தொடங்கிவிடும். யாரிடமிருந்து எடுக்கிறார்களோ அவர் மூலர். கோயம்புத்தூரில் பரோட்டா போடுகிறவர்களில் பாதிப் பேர் ஒரே விருதுநகர்க்காரரின் மணிக்கட்டோடு போட்டார்கள். பல் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் யாரோ ஒரு மதுரைப் பெண்மணியின் விரல்களோடு பல் பிடுங்கினார்கள். 'நீச்சல் கத்துக்கிட்டாச்சா?' என்று யாரும் கேட்பதில்லை. 'நீச்சல் ஏத்தியாச்சா?' என்பதுதான் பேச்சு.

கோல்ஃபுக்கு அசைவகம் நிறுவனம் தேர்ந்தெடுத்த மூலர் மதுவந்தி. பதினெட்டு வயதில் ஆசியப் போட்டியில் ஜெயித்தவள். அவளுடைய வீச்சில் ஒரு தனித்தன்மை இருந்தது. மட்டை பின்னால் ஏறி உச்சிக்குப் போனதும் ஒரு கணம் அப்படியே நிற்கும், காற்றில் மாட்டி வைத்ததைப் போல. உடம்பில் ஒரு முடிகூட அசையாது. பிறகு இறங்கும். பந்து நூல் பிடித்தாற்போல நேரே போகும். வர்ணனையாளர்கள் அதை 'மதுவந்தி நிறுத்தம்' என்றார்கள். அந்த நிறுத்தத்துக்காகவே நாடெங்கும் பெற்றோர்கள் அவளுடைய படியைக் கேட்டு வாங்கினார்கள்.

மருதமலை அடிவாரத்தில், அவளுடைய அப்பா தனபால் பெயரில் இருந்த பயிற்சிக்களத்தை அவள் நடத்திவந்தாள். தனபாலும் பெயர்பெற்ற பயிற்சியாளர். இறந்து பல வருஷமாகியும் நுழைவாயிலில் அவருடைய மார்பளவுச் சிலைக்குப் புதிதாக வரும் பெற்றோர்கள் கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

மற்ற ஊர்களில் முதல் நாளே சட்டையை மாட்டிவிடுவார்கள். மதுவந்தி மாட்ட மாட்டாள். முதல் சில வாரம் வெறும் கையோடுதான் பாடம். மட்டையைப் பிடிப்பது, நிற்பது, குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டுவது, அரை வீச்சு. "உடம்பு மொதல்ல திணறட்டும். திணறினாத்தான் அதுக்கு ஒண்ணு வேணும்னு தோணும்" என்பாள். பந்து தவறிப் புல் பெயர்ந்தால் கை தட்டுவாள். மட்டை வெறும் காற்றை வெட்டினால், "காத்து உனக்குத் தாங்க்ஸ் சொல்லுது" என்பாள். குழந்தைகள் சிரித்துவிட்டால் தோள் இறுக்கம் தளர்ந்துவிடும் என்பது அவள் கணக்கு. 'பந்தை அடி' என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. 'பந்தை அனுப்பு' என்றுதான் சொல்வாள். எந்தக் குழந்தைக்கும் பின்னால் போய் நிற்க மாட்டாள். எதிரே, குழந்தையின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துதான் பாடம் சொல்வாள்.

அப்படிப் பழகிவிட்டு அதன்மேல் படியை ஏற்றினால் கச்சிதமாகப் பொருந்தியது. நேயாவுக்கும் அப்படித்தான். சட்டை போட்ட இரண்டாம் மாதம் அவள் மட்டையைத் தூக்கி, உச்சியில் நிறுத்தி, இறக்கினாள். பந்து களத்தின் கோடிவேலிக்குப் போனது.

வேலியோரம் நின்ற நேயாவின் அப்பா கவின்ராஜ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பீளமேட்டில் பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர். மனைவி சிங்கப்பூரில் வேலை பார்த்தாள், லீவுக்குத்தான் வருவாள். பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, தலை பின்னி, சோறு கட்டி, இங்கே கூட்டி வருவதுவரை எல்லாம் அவரே.

"ஏனுங் மேடம், இது என்ற புள்ளைதானுங்களா? டம்ளரை வெச்சா தட்டி விடறவ!"

"உங்க புள்ளைதான். நல்லா வருவா."

நேயா அந்த வருஷம் மாவட்டப் போட்டியில் ஜெயித்தாள்.

*

கவின்ராஜ் தனியாக வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை மடக்காமலேயே அலுவலக அறைக்குள் வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாங்க மேடம்."

"யாரு?"

"குழந்தைகள் நல ஆபீசுல இருந்து. நான் அடிக்கறன்னு சொல்றாங்க."

அவளுக்குப் புரியவில்லை. அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை நேயாவின் பின்னால் நின்று ஜன்னலைச் சாத்தக் கையை உயர்த்தியிருக்கிறாள். நேயா சுருண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். இன்னொரு நாள் விளையாட்டு ஆசிரியர் கொடியேற்றக் கயிற்றை இழுத்தபோதும் அப்படியே. கேட்டால் குழந்தைக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அப்பா மட்டும் என்றாள். அது போதுமானதாக இருந்தது.

"என்ற கிட்டயும் அப்படித்தானுங்க. போன மாசம் பரண்ல இருந்து சூட்கேஸ் எடுக்கக் கையைத் தூக்கினேன். என்னைப் பார்த்து நடுங்குனா. நான் அவளை ஒரு தட்டுக்கூடத் தட்டுனதில்லீங்க. கோவிச்சுக்கிட்டாக்கூட அவ அழுதுருவாளேன்னு வெளிய போயி நின்னுக்குவேன். யாராச்சும் ஏதாச்சும் பண்ணிட்டாங்களோன்னு எனக்கே சந்தேகம் வந்து, பள்ளிக்கூடத்துல, பஸ்ஸுல எல்லாரையும் விசாரிச்சேன். இப்ப அதையே, 'மத்தவங்க மேல பழி போடப் பார்த்தான்'னு எழுதிட்டாங்க." டம்ளரை மேஜையில் வைத்தார். "நீங்க தெனமும் பார்க்கறீங்க. எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்."

மறுநாள் மதுவந்தி குழந்தைகள் காப்பகத்துக்குப் போனாள். குழந்தைகள் நல அதிகாரி ஜெசிந்தா ஐம்பது வயதை நெருங்கியவர். மெதுவாகப் பேசுபவர், ஆனால் பேச்சில் இளக்கம் இல்லை. "குழந்தை உங்களப் பார்க்கணும்னு கேட்டா. அதனாலதான் விடறேன்" என்றார்.

கூடத்தில் நேயா வேறு இரண்டு பெண்களோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற காப்பகப் பணிப்பெண் கொடியில் காய்ந்த துண்டை எடுக்கக் கையை வீசி உயர்த்தினாள்.

நேயாவின் இடது தோள் காதுவரை ஏறியது. முகவாய் மார்பில் புதைந்தது. இடது கை பறந்துபோய்ப் பிடரியை மூடியது. உள்ளங்கை பிடரியைத் தொடவில்லை. வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

மதுவந்தி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

பிடரியை மூடுகிற யாரும் உள்ளங்கையை உட்பக்கம்தான் வைப்பார்கள். விரல் முட்டியில் ஒருமுறை எலும்பு விட்டுப்போனவர்கள்தான் அடுத்த முறை சதைப்பக்கத்தை வெளியே காட்டுவார்கள். அதைக் கற்றுக்கொள்ள ஒரு தடவை எலும்பு உடைந்தாக வேண்டும். நேயாவின் விரல்கள் எதுவும் உடைந்ததில்லை.

*

அசைவகத்தின் கிளை அவினாசி சாலையில் இருந்தது. மதுவந்தியின் படியை எடுத்த பொறியாளர் நிதர்சன் சென்னைக்காரன், முப்பது வயதுக்காரன், நல்ல பையன் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை. அது அவளை உதைத்தாற்போல இருந்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"மூணு மாசமாத் தெரியும் மேடம்." அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். "நாக்பூர்ல ரெண்டு கேஸ். கொச்சில ஒண்ணு. எல்லாம் உங்க படி ஏத்தின பசங்க."

"எடுத்துடுங்க அதை. என்னோட வீச்சு மட்டும் இருக்கட்டும். மத்தது வேண்டாம்."

"அப்படிப் பிரிக்க முடிஞ்சா பிரிச்சிருக்க மாட்டோமா?" அவன் கையால் காற்றில் ஒரு வளைவு வரைந்தான். "உங்க நிறுத்தம் இருக்கே, உச்சியில. அந்தக் கணத்துல உங்க உடம்பு முழுக்கப் பதுங்கறதுக்குக் கட்டளை போகுது. தோள், கழுத்து, இடது கை, எல்லாத்துக்கும். அதே கணத்துல அதையெல்லாம் அமுக்கி வைக்க இன்னொரு கட்டளை போகுது. ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு நிக்குது. அதான் ஒரு முடிகூட அசையறதில்ல. பதுங்கறதை எடுத்துட்டா நிறுத்தமும் போயிடும். மட்டை கையில இருக்கிற வரைக்கும் ரெண்டாவது கட்டளை தாங்குது. மட்டை இல்லாதப்போ முதல் கட்டளை மட்டும் வருது."

இருபது வருஷமாக உலகம் அழகு என்று சொன்னது எது என்று மதுவந்திக்கு எப்போதும் தெரியும். இன்னொருவர் வாயால் இப்போதுதான் கேட்கிறாள்.

"யாரு மேடம்?" என்று அவன் தணிந்த குரலில் கேட்டான்.

அவள் எழுந்தாள்.

"வெளியில சொல்லிடாதீங்க. ஒப்பந்தம் இருக்கு. அதைவிட, உங்க பேரு, உங்க அப்பா பேரு, எல்லாம் தெருவுக்கு வரும். நாங்க குழந்தைக்கு அழிப்பு போட்டு விட்டுடறோம். படி போயிடும். அந்த அப்பாவுக்கும் நல்ல வக்கீல் பார்த்துத் தர்றோம்."

"நாக்பூர்ல அந்த அப்பாக்கள் எங்க இருக்காங்க?"

நிதர்சன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒருத்தர் ஜாமீன்ல இருக்கார்" என்றான்.

*

ஜெசிந்தாவின் அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மதுவந்தி சொன்னதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"நம்பற மாதிரி இல்லையே மேடம். சட்டை வித்தையை ஏத்தும்னு தெரியும். பயத்தை ஏத்துமா? நீங்க அந்த அப்பாவுக்கு வேண்டியவங்க. அவரைக் காப்பாத்த யாராவது இப்படியொரு கதையைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்."

"நேயா பதுங்கறதை நீங்க பார்த்திருக்கீங்க இல்ல? கை எப்படிப் போகுதுன்னு கவனிச்சீங்களா?"

"பார்த்தேன். உள்ளங்கை வெளிய இருக்கும்."

"நான் பேசிக்கிட்டே இருக்கேன். நீங்க எந்திரிச்சு என் பின்னாடி வாங்க. எப்போன்னு சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தோணறப்போ கையை ஓங்குங்க."

ஜெசிந்தா தயங்கினார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். செருப்புச் சத்தம் மேஜையைச் சுற்றிக்கொண்டு மதுவந்தியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது.

மதுவந்தி எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினாள். "எனக்கு ஆறு வயசுல அப்பா மட்டையைக் கையில குடுத்தார். தலை கழண்டுபோன மட்டையோட தண்டு ஒண்ணு அவர் வெச்சிருந்தார். நான் வீசறப்போ பின்னாடி நிப்பார். மட்டை உச்சிக்குப் போறப்போ என் தலை ஆடுச்சுன்னா பிடரியில விழும். ஆடலைன்னாலும் சில நாள் விழும். ஒரு தடவை கையால மூடினப்போ விரல் எலும்பு உடைஞ்சுது. அதுதான் அவர் முறை. எப்போ விழும்னு தெரியக் கூடாதாம். தெரிஞ்சா உடம்பு அந்த நேரத்துக்கு மட்டும் ஒழுங்கா இருக்குமாம். அதனால ஒவ்வொரு வீச்சுலயும் மேல போய் நின்னு காத்துக்கிட்டிருப்பேன். விழலைன்னு தெரிஞ்சதும்தான் இறக்குவேன். போட்டிக்குப் போறப்போ பின்னாடி அவர் நிக்க முடியாதில்ல, ஆனாலும் நான் நின்னு காத்திருந்துட்டுத்தான் இறக்குவேன். ஜெயிச்ச அன்னிக்கு அவர் அழுதார். என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, 'பார்த்தியா, பார்த்தியா' ன்னு..."

வாக்கியம் முடியவில்லை. அவளுடைய இடது தோள் காதைத் தொட்டிருந்தது. முகவாய் மார்பில் இடித்துப் பல் நாக்கைக் கடித்துவிட்டது. பிடரிக்குப் போன கையின் உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

அந்த உள்ளங்கையை ஜெசிந்தா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓங்கிய தன் கையை மெதுவாக இறக்கினார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார்.

"எழுதிக்குங்க" என்றாள் மதுவந்தி. நாக்கில் ரத்தம் கரித்தது. "அந்தக் குழந்தைய அடிச்சது கவின்ராஜ் இல்ல. எங்க அப்பா."

*

நேயா வீட்டுக்குப் போனாள். அசைவகம் அழிப்புச் சட்டையை அனுப்பிப் படியை நீக்கியது. நீக்கியதும் பதுங்கல் போய்விட்டது. வீச்சும் போய்விட்டது. வெறும் கையோடு பழகியதும் அதோடு சேர்ந்து அழிந்து, மட்டையைப் பிடிக்கவே அவளுக்கு மறந்திருந்தது.

செய்தி பரவியதும் ஒரு வாரம் பெரிய கொந்தளிப்பு. களத்தின் வாசலில் கூட்டம் கூடியது. யாரோ தனபாலின் சிலைக்குச் சாணி அடித்தார்கள். அதற்கு மறுநாள் வேறு யாரோ வந்து கழுவி மாலை போட்டார்கள். மதுவந்தி இரண்டையும் தடுக்கவில்லை. தன் படியை எல்லாக் குழந்தைகளிடமிருந்தும் நீக்கச் சொல்லி அசைவகத்துக்கு எழுதினாள். பெற்றோர்களே வரிசையில் வந்து நீக்கிக்கொள்வார்கள், தான் எழுதியிருக்கவே வேண்டியதில்லை என்றுகூட நினைத்தாள்.

வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பாதிப் பேர் பிள்ளையின் வீச்சு அழிந்துவிட்டதைப் பார்த்ததும் திரும்ப ஏற்றச் சொன்னார்கள். அசைவகம் பதுங்கல் இல்லாத சுத்தப்படி ஒன்றைத் தயாரித்து இலவசமாகவே கொடுத்தது. அதில் பந்து சுமாராகத்தான் போனது. பெற்றோர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுப்படியைக் கேட்டார்கள். "யாரும் அடிக்கலையே, சட்டைதானே?" என்று ஒரு தாய் தொலைக்காட்சியில் சொன்னாள். "என் பையன் கொஞ்சம் பயப்படறான், ஆமா. ஆனா மாநிலத்துல ரெண்டாவதா வந்திருக்கான்."

நிதர்சன் ஒருநாள் களத்துக்கே வந்தான். முகம் மெலிந்திருந்தது.

"உங்க படிய நீக்க மாட்டாங்க மேடம். நீக்கற மாதிரி இல்ல, விக்கற வேகம். ஆனா உங்க வயசுத் தசையில எடுத்தது சின்னப் பசங்களுக்கு முழுசா பொருந்தறதில்லையாம். புது மூலர் தேடறாங்க. சின்ன வயசுல. வயலின், ஜிம்னாஸ்டிக்ஸ், எல்லாத்துக்கும்." அவன் தரையைப் பார்த்தான். "கணக்கு என்ன சொல்றாங்கன்னா, ஒரு குழந்தை கஷ்டப்பட்டாப் போதும். மத்த ஆயிரம் குழந்தைங்களை யாரும் தொட வேண்டியதில்ல. நல்ல விஷயம்தானேங்கறாங்க. என்னால பதில் சொல்ல முடியல. வேலைய விட்டுட்டேன்."

"விட்டுட்டு?"

"வேற ஆள் வந்தாச்சு மேடம்."

*

நேயா மட்டும் மதுவந்தியிடம் திரும்ப வந்தாள். சட்டை இல்லாமல், முதல் பாடத்திலிருந்து. பிடி, நிலை, உருட்டல். அதே குழந்தைதான், அதே புல்தான். பந்து இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, சில நேரம் போகவே இல்லை. மதுவந்தி எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து கை தட்டினாள். பல வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பாடம் நடத்துவது பிடித்திருந்தது. மாதங்கள் போயின. நேயா அரை வீச்சுக்கு வந்துவிட்டாள். அவளுடைய சொந்த வீச்சு. கொஞ்சம் கோணலாக, துள்ளலாக, எங்கும் நிற்காமல் இறங்குவது.

போட்டிகளில் முழுப்படிக் குழந்தைகளிடம் அவள் தோற்றாள். ஒவ்வொரு தடவையும் கடைசி.

ஒரு சனிக்கிழமை காலை, நேயா களத்தில் பந்துகளை அனுப்பிக்கொண்டிருந்தபோது கவின்ராஜ் அலுவலக அறைக்கு வந்தார். நன்றாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். வரும்போதே கை கூப்பினார். நேயா வீடு திரும்பிய அன்றிலிருந்து மதுவந்தியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கை கூப்புவது வழக்கம்.

"ஏனுங் மேடம், கம்பெனில இருந்து வந்திருந்தாங்க. நேயாவப் பரிசோதனை பண்ணிப் பார்த்தாங்க. அவ உடம்பு மூலருக்கு ரொம்பப் பொருத்தம்ங்கறாங்க. நாளைக்கு நாடு பூராக் குழந்தைங்க என்ற புள்ள மாதிரி வீசுமுங்க."

"அவ வீச்சு இன்னும் பக்குவப்படலையே. வருஷம் ஆகும்."

"அதுதானுங்க." அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "அவ அழறா மேடம். ஒவ்வொரு போட்டிக்கும் போயிட்டு வந்து தலகாணியில மூஞ்சியப் பொதச்சுக்கிட்டு அழறா. எனக்குத் தாங்க முடியல. முழுப்படி ஏத்தலாம்னு நெனச்சேன். ஆனா வேற யாரோட பயமோ என்ற புள்ளைக்குள்ள எதுக்குங்க? ஒரு தடவ பட்டது போதும். இருந்தா அவளோட சொந்தமா இருக்கட்டும்."

மதுவந்தி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன சொந்தமா இருக்கட்டும்?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். அந்தக் குரலில் கொடூரம் எதுவும் இல்லை. மருந்து எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்பவரின் பணிவு இருந்தது.

"உங்க அப்பா எப்படிச் சொல்லிக் குடுத்தார்னு சொல்லுங்க மேடம். எவ்வளவு தள்ளி நிப்பார்? மொத நாள்ல இருந்தேங்களா, இல்ல கொஞ்சம் பழகுனதுக்கு அப்புறமா? விரல்ல பட்டா எலும்பு போயிரும்னு நீங்க ஆபீசுல குடுத்த வாக்குமூலத்துல இருந்துச்சுங்க. அப்படி ஒண்ணும் ஆயிரக் கூடாதுங்க, அதுக்குத்தான் உங்களக் கேக்கறேன்."

"கவின்ராஜ்."

"எனக்கு மட்டும் ஆசையாங்க? நான் அவளத் தொட்டதே இல்ல, உங்களுக்கே தெரியும். நீங்க எவ்வளவு பெரிய ஆளா வந்திருக்கீங்க! வலி போயிருச்சு, வித்தை தங்கிருச்சில்லீங்களா?"

"போகல" என்றாள் மதுவந்தி. "எனக்கு நாப்பத்திரண்டு வயசு. பின்னாடி யாராவது இருமினாக்கூட எனக்கு மூச்சு நிக்கும். கல்யாணம் பண்ணிக்கல, ஏன்னா ஒருத்தர் பக்கத்துல தூங்கறதை என்னால தாங்க முடியல. இதையும் சேர்த்துத்தான் கேக்கறீங்களா?"

அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். கண்கூடக் கலங்கியது. பிறகு, "நீங்க சொல்லலைன்னாப் பரவாயில்லீங்க மேடம். கம்பெனிலயே சொல்லித் தர ஆள் இருக்காங்களாம்" என்று எழுந்து, மறுபடி கை கூப்பிவிட்டு வெளியே போனார்.

அவள் உடனே ஜெசிந்தாவை அழைத்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடிச்சாரா?" என்று ஜெசிந்தா கேட்டார்.

"இன்னும் இல்ல."

"அடிப்பேன்னு சொன்னாரா?"

"எப்படி அடிக்கறதுன்னு கேட்டார்."

"உங்க வாக்குமூலத்தை வெச்சுத்தான் மேடம் அவரை விடுவிச்சோம். நிரபராதின்னு உத்தரவே இருக்கு. அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? மாவட்டத்துல எந்தக் குழந்தை பதுங்கினாலும் பெத்தவங்க ஒரே பதில்தான் சொல்றாங்க, 'சட்டை'. சட்டை போட்ட குழந்தையா போடாத குழந்தையான்னு பார்த்துச் சொல்ல எங்ககிட்ட கருவியும் இல்ல, ஆளும் இல்ல. அடிக்கறவங்களுக்கு உங்க வாக்குமூலம் எவ்வளவு வசதியாப் போச்சுன்னு நீங்க இங்க வந்து பார்க்கணும். போன மாசம் மேல இருந்து உத்தரவு வந்துருச்சு. பதுங்குது, நடுங்குதுங்கற புகாரை எடுக்கவே கூடாதாம். உடம்புல காயம் இருந்தா மட்டும்தான்."

"காயம் படாம எப்படி அடிக்கறதுன்னுதான் அவர் கேட்டார் ஜெசிந்தா."

"புரியுது." ஜெசிந்தாவின் குரல் களைத்திருந்தது. "நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க. காயம் ஏதாவது தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க. எந்த நேரமானாலும் வர்றேன்."

மதுவந்தி போனை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். களத்தில் நேயா இல்லை. பந்துகள் புல்லில் இங்கும் அங்குமாகக் கிடந்தன. வாசலில் கார் திரும்பிக்கொண்டிருந்தது. கவின்ராஜ் கவனமாக, பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்து, பின்பக்கம் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஓட்டினார். பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள் நேயா.

மதுவந்தி கையை உயரத் தூக்கி, நிறுத்தச் சொல்லிக் கத்தினாள்.

கண்ணாடி ஏற்றியிருந்ததால் சத்தம் உள்ளே கேட்கவில்லை. மிஸ் டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, கார் சாலையில் ஏறி மறையும்வரை நேயா சிரித்தபடி கையசைத்துக்கொண்டே போனாள்.